மகனை அனுப்புவதற்கு முன் போட்ட ஊசி

"காலை ஒன்பது முதல் பதினொன்று வரை தண்ணீர் வராது. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

எழுநூற்று இருபது வீட்டுச் சுவர் ஒலிபெருக்கிகளிலும் தொக்சுவின் குரல் கேட்டது. சொங்ஜு நகரத்தின் அந்த அடுக்ககத்தில், பராமரிப்பு அலுவலகத்து மைக்கில் பதினாறு வருடமாகப் பேசுபவர் அவர்தான். மைக்கை அணைத்ததும் காவலாளி மாங் தலையை உள்ளே நீட்டினார்.

"ஏம்பா, தண்ணி நிக்குதா, இல்ல யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா? நீ பேசினா எழவுக்குப் போடுற கறுப்புச் சட்டையைத் தேட வேண்டியிருக்கு."

முன்பென்றால் தொக்சு சூடாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது, "தண்ணிதாண்ணே" என்றார்.

ஐம்பத்தொரு வயது. இரண்டு வருடமாக இப்படித்தான். சாப்பாடு இறங்கியது, வேலை நடந்தது. மதியம் மூன்று மணிக்கு பாய்லர் அறையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். மனைவி கும்ஹீயைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது. அதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். போன வசந்தத்தில் அம்மா இறந்தபோது மூன்று நாளும் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் குனிந்து வணங்கினார், வழக்கப்படி காரமான மாட்டிறைச்சிச் சாறு சாப்பிடச் சொன்னார். கண் நனையவில்லை. தங்கை எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அண்ணே, உனக்கு உள்ள ஒண்ணுமே இல்லையா?"

ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை.

பிறகு ஒரே மகன் ஊஜினுக்கு, வயது வந்த பையன்கள் எல்லோரும் போயாக வேண்டிய பட்டாளத்திலிருந்து தேதி வந்தது. பயிற்சி முகாம் வாசலில் ஒவ்வொரு அப்பனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பான். தான் மட்டும் தண்ணீர்க் குழாயைப் பார்ப்பதுபோல் மகனைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தொக்சுவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கும்ஹீ ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்களின் சிக்கல்களைப் பார்க்கும் சிறுநீரியல் மருத்துவரிடம் அவராகவே போனார்.

இரண்டு நாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோன் எழுபது வயதுக்காரருடையதைவிடக் கீழே கிடந்தது.

"இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருக்கா? ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சா அது கஷ்டம்" என்றார் மருத்துவர்.

"இருக்கிறவனே கிளம்பப் போறான்."

"ஆரம்பிச்சா நடுவுல விடக் கூடாது. ரத்தம் கெட்டியாகுதான்னு அடிக்கடி பார்த்துக்கணும்."

"எப்பத் தெரியும் டாக்டர்? பையன் கிளம்புற பத்தொன்பதாம் தேதிக்குள்ள?"

"மூணு வாரமா? சிலருக்குக் கொஞ்சம் தெரியும். மனசு கிளம்பி வர மாசக்கணக்கா ஆகும். தேதி வச்சுக்கிட்டு வராதீங்க."

எண்ணெய் மருந்து. இடுப்புச் சதையில் இரண்டு நிமிடம் மெதுவாக ஏறியது. வலி மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது.

பத்தொன்பதாம் தேதி முகாமுக்கு எதிரே சுட்ட விலா இறைச்சி வாங்கிக் கொடுத்தார்கள். ஊஜின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். பெயர்களைக் கூப்பிட்டதும் பையன்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். ஊஜின் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தொக்சு கையை உயர்த்தினார். உள்ளே தேடிப் பார்த்தார். இறைச்சி கொஞ்சம் அதிகம் சாப்பிட்டுவிட்டது தெரிந்தது.

ஊர் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கும்ஹீ சொன்னாள்: "அவன் என்னைப் பார்க்கல. உங்க முகத்தைத்தான் பார்த்துட்டுப் போனான்."

பத்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. உள்ளே போனவன் போட்டிருந்த உடுப்பையெல்லாம் முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாங் அன்று கேலி பேசவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

கும்ஹீ சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடியில் ஒரு காகிதம். 'அம்மா, சாப்பாடு பரவாயில்லை. அப்பா, பாய்லர் அறையில் தூங்காதீங்க, அங்கே காற்று இல்லை.' தொக்சு அதை இரண்டு தடவை படித்தார். எழுத்து சுமார்தான்.

அதற்கும் கீழே ஷூ. போகிற அன்று போட்டுக்கொள்ள அவர் வாங்கிக் கொடுத்த புது ஷூ. பின்பக்கம் இரண்டும் மிதிபட்டு மடங்கிக் கிடந்தன.

"இவனுக்கு எத்தனை தடவை சொல்றது! ஆறு வயசுலேர்ந்து சொல்றேன், பின்னால மிதிக்காதே, மிதிக்காதேன்னு. குனிஞ்சு போட்டா முதுகு ஒடிஞ்சா போயிரும்? புது ஷூடா! ஒரு நாள்! ஒரே நாள்ல..."

தொக்சுவின் குரல் உடைந்து சுவரில் மோதியது. காது சூடாகியிருந்தது. கும்ஹீ சட்டையிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"திட்டுறீங்க."

"பின்னே? கொஞ்சவா சொல்றே?"

"ரெண்டு வருஷமா நீங்க யாரையும் திட்டல, ஊஜின் அப்பா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை திட்டுங்க."

அவர் ஷூவைப் பார்த்தார். "புது ஷூ" என்றார். தண்ணீர் வராது என்று அறிவிக்கும் அதே குரல். கோபம் எங்கே போயிற்று என்று தேடினார், இல்லை. ஆனால் காது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"சரி விடுங்க. அடுத்த வியாழன் ரெண்டாவது ஊசி" என்று எழுந்தாள் கும்ஹீ. "நானும் வரேன்."

தொக்சு பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்தார். மடங்கிய இடத்தைக் கட்டைவிரலால் நிமிர்த்தினார். அது சரிந்தது. மறுபடி நிமிர்த்தினார்.