பேச்சிக்கு நான் கொடுத்த வலி மாத்திரை

எங்கள் பனியன் கம்பெனித் தையல் லைனில் யாருக்கு எங்கே வலித்தாலும் என் கைப்பையைத் தேடித்தான் வருவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

இன்று ஷிப்மெண்ட் அவசரம். பக்கத்து மிஷின் பேச்சியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன கண்ணு, கெழவியாட்ட நடக்கறே?" என்று கேலி செய்து, என் மூட்டுவலி மாத்திரையைக் கொடுத்தேன். டீயோடு விழுங்கினாள். சாப்பிட்டாளா, வேறு மாத்திரை போட்டாளா என்று நான் கேட்கவே இல்லை.

மதியம் வயிறு எரிகிறது என்று சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலையிலேயே சூப்பர்வைசரிடம் ஒரு வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டிருந்தாளாம்.

"நெறந்தானுங்க வேற, ரெண்டும் ஒரே வகை. வயித்தப் புண்ணாக்கிப் போடும். ரெண்டாவதை ஆரு குடுத்தது?" என்றார் நர்ஸ்.

பேச்சி முந்திக்கொண்டாள்: "நானாத்தான் கடையில வாங்குனேன்."

ஊர் வம்பெல்லாம் பேசும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஊசி போட்டு அனுப்பினார்கள். ஆட்டோவில் கேட்டேன்: "ஏங்கண்ணு பொய் சொன்னே?"

"அவுக ஒங்கள ஏசுனா நீங்க அழுவீய. எனக்குச் சிரிப்பு வந்துரும். சிரிச்சா வயிறு வலிக்கும்லா, யக்கா."

அதனால் இங்கே சொல்கிறேன்: கொடுத்தது நான்தான். திட்ட வேண்டியவர்கள் கீழே கமெண்டில் வந்து திட்டுங்கள். பேச்சியும் படிப்பாள், சிரிப்பு வராத மாதிரி திட்டுங்கள்.