முனியாண்டி கோயில் கைத்துப்பாக்கி

இன்று எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஆயுத பூஜைக்காக ஆயுதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அரிவாள், சூலம், கூடவே ஒரு பழைய கைத்துப்பாக்கி. எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனதோ தெரியாது.

ரப்பர் பெக்டரியில் மெஷின் கழற்றிப் பூட்டும் பிட்டர் வேலை பார்ப்பவனுக்குக் கை சும்மா இருக்காது. துருவைச் சுரண்டிப் பார்த்தேன். சுத்தியல் மாதிரி ஒரு பாகம், அதன் வாயில் ஒரு கல். கல் எதிரே நிற்கும் இரும்பில் உரசினால், தீப்பொறி பக்கத்துச் சின்னக் கிண்ணத்தில் விழும். அங்கே வெடிமருந்து பற்றி, ஒரு துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போகும்.

அந்தக் கிண்ணத்தில்தான் பூசாரி அண்ணன் வருஷா வருஷம் சூடம் கொளுத்துகிறார்.

"சூடம் வைக்கத்தானே தம்பி கிண்ணம் இருக்கு?" என்றார்.

ஓர் ஈர்க்குச்சியைக் குழலுக்குள் விட்டேன். அடி வரை போகாமல் மூன்று விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. உள்ளே குண்டும் மருந்தும் அப்படியே இருக்கின்றன.

"அண்ணே, குழாய் வாய எந்தப் பக்கம் பாத்து வெப்பீங்க?"

"சனங்களப் பாத்துத்தான். சாமியப் பாத்து வெக்க முடியுமா?"

கிண்ணத்து ஓரத்தில் அந்தத் துளையைத் தேடினேன். காணவில்லை. சூடம் கொளுத்துவதற்கு முன் அவர் கிண்ணத்தில் வைக்கும் குங்குமம், வருஷக்கணக்காக இறுகி, சீமெந்து பூசியதுபோல் அதை அடைத்திருந்தது.

பொலிசுக்குச் சொல்லிவிட்டோம்.

"முனியாண்டி காவல் தம்பி," என்றார் அண்ணன்.

எதற்கும் காரணம் சொல்லும் ஆள் நான். இன்றைக்கு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுத்துப் பேச நினைப்பவர்கள் பேசலாம். ஆனால் போன வருஷம் முன்வரிசையில் நின்று கும்பிட்டவர்கள் மட்டும்.