பொத்தை மேல் ஒரு சாரம்

மாடியில் காய்ந்த சாரத்தை, அதாவது லுங்கியை, எடுக்கப் போனேன். வெயில் வாசனையோடு அதை மடித்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலே பருந்துகள். ஐப்பசி மழை வெறித்த காலை. சிறகை அசைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. உடனே எனக்குக் கால் கூசியது. வீட்டு மாடிக்கே கூசுகிற கால்தான். ஆனால் இது பழைய கூச்சம்.

அப்போது தோவாளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கூட வேலை பார்த்த அலோசியஸ் மணவாளக்குறிச்சி கடப்புறத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்புகிற பருந்துகள், ஊருக்குப் பின்னாலிருந்த பொத்தைக்கு மேலே வந்து வட்டமிடும் என்று கண்டுபிடித்தவன் அவன். பொத்தை என்றால் மொட்டைப் பாறைக் குன்று. பாறை சூடானதும் காற்று மேலே எழும்புமாம், பருந்து அதில் தொற்றிக்கொள்ளுமாம், டிக்கெட் எடுக்காமல்.

அவனுடைய குதிகாலையே பார்த்துக்கொண்டு உச்சிவரை ஏறிவிட்டேன். உட்கார்ந்து எண்ணினோம். நான் எண்ணிக்கொண்டிருந்த பருந்து ஒன்று தாழ்ந்து, எனக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த முதுகுக்கும் கீழே பிச்சிப்பூத் தோட்டம், அதில் எறும்பளவு பெண்கள். அவ்வளவுதான், பாறையைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்துவிட்டேன். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடச் சொன்னேனாம். சிலுவை போட்டேன் என்றும் சாதிப்பான். நாங்கள் சுடலைமாடனுக்குப் பொங்கலிடுகிற குடும்பம்.

மத்தியானம்வரை கெஞ்சிப் பார்த்தான். பிறகு தன் சாரத்தை அவிழ்த்து, முறுக்கி, வலைக்காரர்கள் போடும் முடிச்சாக என் இடுப்பில் கட்டினான்.

"கீழ பாக்காதல மக்கா. மேல பருந்த எண்ணிட்டே எறங்கு."

எண்ணிக்கொண்டே, உட்கார்ந்த வாக்கில் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். பின்னாலேயே, மறுமுனையைப் பிடித்தபடி வெறும் நிக்கரோடு அவன். தோட்டமே சிரித்தது.

அலோசியஸ் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. ஐப்பசி பிறந்தால் போன் வரும், பருந்து வந்தாச்சா என்று. மாடியில் எண்ணியதைப் பொத்தையில் எண்ணியதாகச் சொல்லுவேன். நேற்றும் கூப்பிட்டான். அடுத்த வாரம் லீவில் வருகிறான்.

"வந்த மறுநாளே பொத்தையில ஏறணும். ரெண்டு சாரம் எடுத்து வச்சுக்க."

பொத்தை இல்லை. வெடிவைத்து வெடிவைத்து, ஜல்லியாக லாரிகளில் போய்விட்டது. தடுக்கச் சொல்லி எழுதிய மனுவில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன், வீரமாக. இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கிற பள்ளம். அதற்கு மேலே வரும்போது மட்டும் பருந்துகள் சிறகடிக்கின்றன.

"என்னல, இப்பவும் ஏறப் பேடியா?"

"ஆமாலே," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். நான் போனை வைக்கவில்லை.