பணிமூப்புப்படி ஒரு பெனால்டி கார்னர்

யாருக்கு முன்னால் யார், யாருக்குப் பின்னால் யார் என்று பணிமூப்புப் பட்டியல் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆபீஸ் என்னை விடவில்லை. திருச்சிக் கிளையின் பெண்கள் ஹாக்கி அணிக்கு மேனேஜராக வரச் சொன்னார்கள். என் ஹாக்கி அறிவுக்காக அல்ல. படிவங்களைத் தப்பில்லாமல் நிரப்ப வேறு ஆள் கிடைக்கவில்லை. விதிப்புத்தகத்தை இரண்டு நாளில் படித்து முடித்தேன். எங்கள் சர்வீஸ் விதிகளைவிடத் தெளிவாக இருந்தது.

கேப்டன்தான் கோல்கீப்பர். ஸ்ரீரங்கத்துக்காரர், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். அந்த வருடம் ஓய்வு பெற இருந்தார். மூட்டுகள் இரண்டும் முன்பே ஓய்வு பெற்றிருந்தன. கிளைகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில் நான்கு முறை ஆடி நான்கு முறையும் தோற்றவர்.

"இதுதான் சார் கடைசி. இதையும் விட்டா நான் ஆடினது பூரா தோத்த ஹாக்கிதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையுறையை மூன்று முறை கழற்றி மாட்டினார்.

எதிரே மதுரைக் கிளை. நாங்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். எங்களுக்கும் வாய்ப்பு வராமல் இல்லை. மூன்று பெனால்டி கார்னர் வந்தது. கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்த, மூன்றாமவர் கோலை நோக்கி அடிக்க வேண்டும். அடிப்பவர் யார் என்பதில் எங்கள் அணியில் விவாதமே கிடையாது. இருப்பவர்களில் பெரிய பதவிக்காரர் அடிப்பார். அதாவது உதவி இயக்குநர். நேரடித் தேர்வில் வந்த கெட்டிக்காரப் பெண்மணி; கோப்புகளில் அவர் குறி தப்பியதே இல்லை. மைதானத்தில் மூன்று பந்தும் கோலுக்கு மேலே பறந்து கம்பி வலையில் மோதின. மூன்று முறையும் எங்கள் பெண்கள் ஒரே குரலில் "நல்ல ட்ரை மேடம்!" என்றார்கள்.

பயிற்சியில் அடித்ததையெல்லாம் கோலுக்குள் அனுப்பும் லால்குடி டைப்பிஸ்ட் அப்போது நடுக்கோட்டுக்கருகில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பதவி அவ்வளவு தூரத்தில் இருந்தது. இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் கால் பகுதியில் உதவி இயக்குநர் நடுவரிடம் "உங்க மேலதிகாரி யாரு?" என்று கேட்டார். நடுவர் பச்சை அட்டையைக் காட்டினார். இரண்டு நிமிடம் வெளியே.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுக்கு அப்பீல் இருக்கா சார்?"

"இல்லைங்க மேடம்."

"எந்த ரூல்?"

நான் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே எங்களுக்கு இன்னொரு கார்னர் கிடைத்தது. மேடம் வெளியே, வேறு வழியில்லாமல் டைப்பிஸ்ட் அடித்தாள். பந்து தரையோடு போய்க் கோலின் பின்பலகையில் டக்கென்று மோதியது.

"லக்கி ஷாட்" என்றார் உதவி இயக்குநர்.

பத்துப் பேர் ஆடியதில் பதினோரு பேருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மதுரைக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டத் தொடங்கினார்கள். அந்தச் சச்சரவில் இரண்டாவது கோலையும் போட்டோம். இரண்டுக்கு இரண்டு.

அது நிலைத்ததா? ஐந்து நிமிடம் இருக்கையில் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரி கோலுக்குள் போகவிருந்த பந்தைக் காலால் தடுத்துத் தொலைத்தாள். மதுரைக்கு பெனால்டி ஸ்ட்ரோக். இனி அடிப்பவளும் எங்கள் கேப்டனும் மட்டும்.

"பெரியம்மா, ஓரமா நில்லுங்க, அடிபட்டுறப் போகுது!" என்று மதுரை பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

பந்து இடது மூலைக்கு வந்தது. கேப்டன் விழுந்தாரா பாய்ந்தாரா தெரியவில்லை. அவர் காலில் பட்டுப் பந்து வெளியே போனது. எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஓரமாத்தான்மா நின்னேன், அங்கேயே வந்து அடிக்கிறீங்களே!" என்றார்.

கடைசி நொடிகளில் எங்களுக்குக் கார்னர். உடனே நேரம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. கவலையில்லை, கொடுத்த கார்னர் ஆடி முடிக்கும்வரை ஆட்டம் முடியாது, விதி அப்படி. கவலை வேறு. உதவி இயக்குநர் மட்டையோடு அடிக்கும் இடத்தில் போய் நின்றுவிட்டார்.

"சார், மேடமை வெளிய எடுங்க" என்று பெஞ்சிலிருந்த பெண் கிசுகிசுத்தாள்.

"முடியாது. கார்னர் குடுத்த பிறகு ஆள் மாத்தக் கூடாது."

"அப்ப நீங்க எதுக்கு சார் இருக்கீங்க?"

அப்போதுதான் கேப்டன் காலில் கட்டிய தடுப்புகளோடு மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார். கோல்கீப்பர் இவ்வளவு தூரம் வந்து ஆடக்கூடாது. பேசக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"மேடம், நம்ம ஆபீஸ்ல எந்த விழாவா இருந்தாலும் தொடங்கி வைக்கறது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப கோட்டுல நின்னு தள்ளித் தொடங்கி வையுங்க. மத்த வேலையை ஸ்டாஃப் பாத்துக்கட்டும்."

உதவி இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, மேடைக்கு அழைக்கப்பட்டவரின் நடையில் கோல் கோட்டுக்குப் போனார். முப்பது வருடமாக நான் பட்டியல் போட்டும் கண்டுபிடிக்காத வழி இது.

அவர் தள்ளியது நேராக, வேகமாக வந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கேப்டன் இதற்குள் தன் கோலை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். முதுகு கார்னர் பக்கம். டைப்பிஸ்ட் அடித்ததை அவர் பார்க்கவில்லை. பலகையில் பந்து மோதும் சத்தத்தைத்தான் கேட்டார். இத்தனை வருடம் தன் முதுகுக்குப் பின்னால் கேட்டு வெறுத்த அதே சத்தம். நடுக்கோட்டில் அப்படியே நின்று, திரும்பாமலேயே இரண்டு கைகளையும் தூக்கினார். பதினைந்து பேர் ஓடிப்போய் அவர் மேல் விழுந்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் உதவி இயக்குநர்.

கோப்பை ஆபீஸ் கண்ணாடி அலமாரிக்குப் போக வேண்டும் என்பது விதி. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேப்டன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். பின் சீட்டில் நான்.

"லேடீஸுக்கு ஃப்ரீ. கப்புக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்மா" என்று கண்டக்டர் வம்புக்கு இழுத்தார்.

"போடுங்க" என்றார் கேப்டன். "முதல் பரிசுன்னு அதுல எழுதிக் குடுங்க."