கணுக்காலும் அம்மாவின் கையும்

எர்ணாவூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வலி முதலில் வந்தது. கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஓட இடமிருக்காது. சாலையின் சரிவான ஓரத்தில் இறங்கித்தான் ஓட வேண்டும். அப்படி ஓடும்போது ஒரு நாள் காலையில் வலது கணுக்காலின் உள்பக்கம் சுருக்கென்றது. சுளுக்குதான் என்று நினைத்து ஓடி முடித்தேன். வீட்டுக்கு வந்து குளித்ததும் வலி போய்விட்டது. மறுநாள் ஓடினேன், மறுபடி வந்தது. இப்படிச் சில வாரங்கள் வலியும் நானும் கண்ணாமூச்சி ஆடினோம்.

கால் வலித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இது தெரிவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். செல்போனில் தேடிப் பார்த்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. வீங்கியிருந்தால் காட்டுங்கள், ஊன்றி நிற்க முடியாவிட்டால் காட்டுங்கள், உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தால் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். வீக்கமா, ஷூ அழுத்தியிருக்கும். ஊன்ற முடியவில்லையா, தூங்கி எழுந்ததும் யாருக்குத்தான் கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது! வக்கீல் தோற்றுப்போவார், அப்படி வாதாடினேன். காரணம், எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவது கால் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அம்மா சம்பந்தப்பட்ட விஷயம்.

என் அம்மா இரட்டைப் பிள்ளை பெற்றவள். நானும் என் அண்ணனும். என்னைவிடச் சில நிமிடம் மூத்தவன், அதற்காக ‘அண்ணா’ என்று கூப்பிடச் சொல்லிக் கடைசிவரை என் உயிரை வாங்கினான். எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்குச் சுளுக்கு வழிக்கும் கை வந்துவிடும் என்பார்கள். வலை இழுத்து மணிக்கட்டு பிசகியவர், மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர், தூங்கி எழுந்து கழுத்தைத் திருப்ப முடியாதவர் எல்லோரும் எங்கள் வாசலில் நிற்பார்கள். அம்மா மீன் விற்றுவிட்டு வந்து, வீச்சம் போகப் புளி போட்டுக் கையைக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்டு வழித்துவிடுவாள். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரெட்டப்புள்ளக்காரி என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. புதிதாக யாராவது வந்து சந்தேகமாகப் பார்த்தால், எங்கள் இருவரையும் உள்ளேயிருந்து கூப்பிட்டு நிறுத்தி, “தோ, கீதுங்க பாரு” என்பாள்.

எங்களுக்கு ஒரே மேடையில் கல்யாணம் பண்ண வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பா போன பிறகும் அந்த ஆசையை விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்களைத் தேடிக்கொண்டேயிருந்ததில் இரண்டு பேருக்குமே ஆகவில்லை.

ஓட்டத்தை ஆரம்பித்தவன் அண்ணன்தான். தொப்பை விழுகிறது, வாடா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சில வருடங்களுக்கு முன் ஒரு காலை அவன் தனியாக ஓடினான். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் எனக்கு ஒப்பந்த வேலை, ஷிப்ட் முடிந்து நான் இன்னும் வரவில்லை. ஓடிவிட்டு வந்தவன் இடது தோள் பிடித்துக்கொண்டது என்றிருக்கிறான். அம்மா உட்காரவைத்து வழித்திருக்கிறாள். பரவாயில்லை என்றிருக்கிறான். மறுபடி வழித்திருக்கிறாள். வேர்த்துக் கொட்டியபோது வாய்வு என்று பூண்டு சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் ஆட்டோ பிடித்தார்கள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று அங்கே யாரோ சொன்னார்கள். சொன்ன முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு இருக்கும்.

இதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஊரே நம்பி வந்த கை, பெற்ற பிள்ளை வலிக்கிறது என்றால் சும்மா இருக்குமா என்றும் தோன்றும். இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டு அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன். அவளும் நான் எப்போது கேட்பேன் என்று காத்திருந்த மாதிரிதான் இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு படகுக்காரர் கை பிசகி வந்து நின்றார். அம்மா கதவோரம் நின்றபடியே, “ரெட்ட இப்போ ஒத்தையாயிடுச்சி, நைனா. வேற யார்னா பாரு” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அம்மா உள்ளே வந்து, ஏற்கனவே கழுவி வைத்திருந்த மீன் கூடையை மறுபடி கழுவினாள். அதற்கப்புறம் யாருக்கும் அவள் சுளுக்கு வழிக்கவில்லை.

இப்போது என் கால். அவளிடம் காட்டினால் தொடப் பயப்படுவாள். அந்தப் பயத்தை என்னால் பார்க்க முடியாது. அவளிடம் காட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனால், இத்தனை நாள் நான் சொல்லாமல் வைத்திருந்ததை முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். ஓட்டத்தையாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். அதனால் மறைத்துக்கொண்டே ஓடினேன்.

அம்மாவின் மீன் பெட்டியில் உடைத்த ஐஸ் இருக்கும். அதில் ஒரு கை அள்ளித் துண்டில் கட்டி, மாடிப்படியில் உட்கார்ந்து கணுக்காலில் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் இதமாக இருக்கும். காலெல்லாம் சங்கரா மீன் வாடை அடிக்கும். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. ஒரு நாள் காலை அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடா இது, தெனம் ஐஸு கொறையுது? எலி இன்னா ஐஸு துன்னுமா?”

“வெயிலும்மா. கரையுது.”

“வெயிலு துண்டுல கட்டிக்கினு மாடிக்குப் போவுதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. “கால காட்டு” என்றாள்.

படியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கணுக்கால் எலும்பே தெரியாமல் வீங்கியிருந்தது. அம்மா எதிரில் குந்தினாள். பழக்கதோஷத்தில் கை நீண்டு வந்து, என் காலுக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டது. கையைப் பின்னால் இழுத்து, ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“என்னாண்ட சொன்னா வயிச்சிருவேன்னு பயந்துகினு இருந்தியா?”

“அதில்லம்மா.”

“பின்ன இன்னா?”

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.  அம்மா எழுந்து, மீன் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

“கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர், நல்ல பெண். படத்தை வெளிச்சத்தில் காட்டி, “எலும்புல மெல்லிசா ஒரு விரிசல் இருக்கு, பாருங்க. வலியோடவே ஓடியிருக்கீங்க” என்றார். அப்புறம் எல்லோரிடமும் கேட்பதைப் போலத்தான் கேட்டார். “சுளுக்குன்னு நினைச்சு யார்கிட்டயாவது வழிச்சுக்கிட்டீங்களா?”

அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இல்லங்க டாக்டர்” என்றேன்.

“நல்லவேளை. வழிச்சுப் பெருசாக்கிட்டுதான் நிறைய பேர் வராங்க. நீங்க பரவாயில்ல, நேரத்தோட வந்துட்டீங்க.”

அந்தப் பெண் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நான் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. கட்டுப் போட்டுவிட்டு, ஓட்டத்தை மறந்துவிடுங்கள், சொல்லும்வரை காலை ஊன்றக்கூடாது என்று அனுப்பினார்கள்.

ஆட்டோவில் ஏறினோம். திருவொற்றியூர் தாண்டியதும் அம்மா வெளியே லாரிகளைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அன்னிக்கு வயிக்காம ஒடனே இட்டாந்திருந்தா, அவனுக்கும் இப்டித்தான சொல்லியிருப்பாங்க? நேரத்தோட வந்துட்டன்னு?”

யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவன் விதி என்று சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள், ஒன்றும் அவள் மனதில் ஒட்டவில்லை. உண்மையை நான் ஒருவன் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு.

“சொல்லியிருப்பாங்கம்மா” என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள். அவன் செத்த அன்று ஊர் பார்க்க அழுதாளே, அந்த அழுகை இல்லை இது. சத்தமே இல்லை.  அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. சேர்ந்து அழத்தான் தோன்றியது, அழுதேன்.

சாலையில் ஒரு பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறியது. வலியில் கத்திவிட்டேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, கட்டுப் போட்ட என் காலை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். இரண்டு கையும் கட்டின் மேல் வந்து நின்றன. நான் அவளைப் பார்த்தேன்.

“வயிக்க மாட்டேன்டா” என்றாள். “சொம்மா புடிச்சிக்கினு மட்டும் கீறேன்.”

“புடிச்சிக்கோம்மா” என்றேன். வீடு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.