முழங்கால் போட்ட வண்டி

"…முழங்கால் போடுதுங்கேன். பிரேக்கப் புடிச்ச ஒடனே முன்பக்கம் அப்பிடியே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுது. நீங்க என்னடான்னா எங் கையையே குத்தஞ் சொல்லுதீக."

என் மனைவி இதைச் சொன்னதும் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். எனக்கு அப்படியொரு பழக்கம். யார் வாயிலிருந்து நல்ல வார்த்தை விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். எட்டாவதோடு படிப்பு நின்றவனுக்கு மற்றவர்கள் பேச்சுதான் பாடப்புத்தகம். 'வண்டி முழங்கால் போடுது' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அவள் என்னதான் சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டேனா என்றால், இல்லை.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலையை அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மடவார் வளாகத்தில் நாலு வீடு, மம்சாபுரம் பக்கம் ஆறு வீடு. வண்டியும் லைசன்ஸும் இருந்தால் போதும். அந்த வேலை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. நாற்பத்தாறு வயதில் எல் போர்டு ஸ்டிக்கர் வாங்கி வந்து என் பைக்கில் ஒட்டினாள். ஸ்கூட்டர் வாங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்டுல நிக்கிற வண்டி என்ன பாவஞ் செஞ்சுச்சு?" என்றாள். அதுவும் நோட்டில் இருக்கிறது.

நன்றாகத்தான் பழகினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் மடவார் வளாகத்துத் திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தபடி முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். வண்டியின் மூக்கு சர்ரென்று கீழே இறங்க, பயந்து கையை விட்டுவிட்டாள். வண்டி சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு. ஆட்டுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தவள் ஸ்டிக்கரை உரித்து வாஷிங் மெஷின் மேல் ஒட்டினாள். "இனிமே இதத்தான் ஓட்டப் போறேன்."

புதன்கிழமை லைசன்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது சனிக்கிழமை. எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் சுருக்கென்றது. முழங்கால் போடுவது வண்டி. அவள் கை இல்லை.

பைக்கின் முன்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு குழாய்கள் உண்டு. உள்ளே ஸ்பிரிங். மேலே மூடியில் ஒரு திருகு. அதை இறுக்கினால் ஸ்பிரிங் அழுந்தி வண்டி விறைப்பாக நிற்கும், தளர்த்தினால் மெத்தென்று இருக்கும். எல்லா வண்டியிலும் இந்தத் திருகு இருக்காது. என் வண்டியில் இருந்தது. அதில் இரண்டு வருடம் முன்பு நான் செய்த ஒரு காரியமும் இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டியை முற்றத்தில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே வந்துவிட்டார். மில்லில் பிட்டர். ஸ்பேனர் சத்தம் கேட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

"அண்ணாச்சி, என்ன ஆப்பரேசனா? நர்ஸம்மா வேற கூட நிக்காக!"

"ஹேண்டிலைப் புடியும் ஓய். பேச்சு பொறவு."

முன் குழாயைச் சுற்றி வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டினேன். முன்பக்கம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பட்டை நகர்ந்து அங்கேயே நிற்கும். அவளை ஏறி உட்காரச் சொன்னேன். டேப் வைத்துப் பார்த்தால், சும்மா உட்கார்ந்ததற்கே அஞ்சு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. உட்கார்ந்ததற்கே இப்படியென்றால் பிரேக் பிடிக்கும்போது இறங்க இடம் ஏது?

அவள் மேலிருந்தபடியே குனிந்து திருகைப் பார்த்தாள். "என்னங்க, இதுல ஏற்கனவே யாரோ ஸ்பேனர் போட்டுருக்காகளே. கீறல் கெடக்கு."

பிட்டரும் குனிந்து பார்த்தார். இனி மறைக்க முடியாது.

"நாந்தான். தோள்பட்டை வலிச்சப்போ, மெத்துன்னு இருக்கட்டும்னு முழுசாத் தளர்த்தி வச்சேன். அப்பிடியே மறந்துபோச்சு."

"ஒங்களுக்கு முழங்கால் போடலையா?"

"நான் என்னைக்கு முன் பிரேக்கத் தொட்டேன்? பின் பிரேக்குதான்."

"அதச் சொல்லுங்க," என்றார் பிட்டர். "முன்னாலதத் தொட்டா ஆளையே தூக்கி எறிஞ்சிரும்லா. நானும் இருவது வருசமாத் தொட்டதில்ல."

அவள் சிரிக்கவில்லை. "மூணு வாரமா ராத்திரி படுத்துக்கிட்டு எங் கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள். நோட்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இறங்கி வந்து ஸ்பேனரைக் கேட்டு வாங்கினாள்.

ஒரு பக்கம் மூன்று சுற்று இறுக்கினாள். மறுபக்கம் நான் குத்துமதிப்பாகத் திருக இருந்தேன். "எண்ணித்தான் போடணும். ரெண்டு கண்ணுக்கும் ஒரே அளவு சொட்டு மருந்து," என்று என் கையைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கமும் வாய்விட்டு எண்ணி மூன்று சுற்று இறுக்கினாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள். டேப்பில் மூணரை சென்டிமீட்டர்.

"இப்ப ஓட்டிப் பாரு," என்றேன்.

"நீங்க ஓட்டுங்க. தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வந்து, எங் கண்ணு முன்னால முன் பிரேக்கப் புடிச்சு நிப்பாட்டுங்க."

முப்பது வருடம் வண்டி ஓட்டியவன். வலது கை விரல்கள் அந்த லீவரில் பட்டதும் வேர்த்துவிட்டது. முக்கு வரை போய்த் திரும்பினேன். வாசலில் அவள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "போடுங்க அண்ணாச்சி, புடிக்க ஆள் இருக்கு!" என்று பிட்டர் கத்துகிறார். கண்ணை மூடாத குறையாகப் பிடித்தேன். முன்பக்கம் குனிந்தது. முழங்கால் போடவில்லை. வண்டி அவள் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாரையும் தூக்கி எறியவில்லை.

அவள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பட்டையைப் பார்த்தாள். குழாயில் இறங்க இன்னும் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது.

"ஒங்க எடைக்கே இம்புட்டுத்தான் எறங்குச்சா?"

"இம்புட்டுத்தான்."

எழுந்து உள்ளே போனாள். கோபமாக்கும் என்று நினைத்தேன். கோபப்பட நியாயமும் இருந்தது. பிட்டர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தாள். ஒரு கையில் வாஷிங் மெஷினிலிருந்து உரித்த எல் போர்டு ஸ்டிக்கர், ஓரமெல்லாம் சுருண்டு, பசை போயிருந்தது. மறு கையில் ஆஸ்பத்திரிப் பை. பிளாஸ்திரிச் சுருளை எடுத்துப் பல்லால் நாலு துண்டு கிழித்து, முன் மட்கார்டில் அந்தச் சிவப்பு எழுத்தை வைத்து, காயத்துக்குக் கட்டுப் போடுவதைப்போல நாலு மூலையிலும் அழுத்தி ஒட்டினாள்.