இருட்டில் நின்ற கண்கள்

இது யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் என் நெற்றித் தையலை நேரில் வந்து பார்க்கலாம்.

என் பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டையில் ஒரு காது மருத்துவமனையில் தலைசுற்றல் சோதனை செய்கிறேன். போன மாதம் ஒரு நாள், மதியம் மூன்று மணி இருக்கும். அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரம் செய்யும் சிவசண்முகம் அண்ணாச்சியை அவர் மனைவி கோமதி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

"தானா விழலம்மா. யாரோ பிடிச்சுத் தள்ளுத மாதிரி விழுதாவ," என்றார்.

சோதனை இதுதான். நோயாளியைப் படுக்கவைத்து, கண்களை முழுக்க மூடும் கறுப்புக் கண்ணாடி மாட்டுவோம். உள்ளே கும்மிருட்டு. ஆனால் விழிகளைப் படம்பிடிக்கச் சின்னக் கேமரா உண்டு. பிறகு காதுக்குள் வெந்நீர் விடுவோம். 'நீ சுற்றுகிறாய்' என்று காது பொய் சொல்லும். அதை நம்பி விழிகள் துடிக்கும். வெளிச்சம் இருந்தால் கண் எதையாவது பார்த்துப் பிடித்துக்கொண்டு அந்தத் துடிப்பை அடக்கிவிடும். இருட்டில் பிடிக்க ஒன்றும் கிடையாது.

கோமதி வெளியே உட்கார்ந்தார். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வெந்நீரை விட்டேன். திரையில் விழிகள் துடித்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் கணினி சத்தம் கொடுத்தது.

டிக்... டிக்... டிக்...

நின்றுவிட்டது.

எதையோ பிடித்துக்கொண்டதுபோல விழிகள் அப்படியே நின்றன.

"அண்ணாச்சி, வெளிச்சம் ஏதும் தெரியுதா?"

"இல்லம்மா. இருட்டாத்தான் இருக்கு."

பிறகு விழிகள் நகர்ந்தன. கதவுப் பக்கத்திலிருந்து என் பக்கமாக. மெதுவாக... வழுக்கிக்கொண்டு...

அசைகிற பொருள் ஒன்று முன்னால் இல்லாமல் யாராலும் விழிகளை அப்படி ஓட்ட முடியாது. முயன்றாலும் தத்தித் தத்தித்தான் போகும்.

ஏதோ நடந்து வந்தது. அவர் கண்கள் அதன் கூடவே வந்தன.

என் பக்கமே பார்த்தபடி நின்றன.

"கூட யாரும்மா நிக்கா?" என்றார் அவர். "மூச்சு விடுத சத்தம் கேக்கு."

என் பின்கழுத்தில்... சூடாக...

அறை சாய்ந்தது.

திரையையே வெறித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பிடி கிடைத்தால் சுற்றல் அடங்க வேண்டும். திரை அசையவில்லை. மேஜை அசையவில்லை. நான் மட்டும் விழுந்துகொண்டிருந்தேன்.

முதுகில் இரண்டு கைகள்.

தள்ளின.

சத்தம் கேட்டு கோமதி ஓடிவந்து விளக்கைப் போட்டபோது நான் தரையில் கிடந்தேன். நெற்றியில் ரத்தம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தானாக எழுந்து நின்றார்.

"தலை லேசாயிட்டும்மா!"

கோமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் விழுகிறேன். எப்போதும் முன்பக்கமாக. டாக்டர் சோதித்துப் பார்த்தார். காதிலும் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை.

கோமதி தினமும் காலையில் போன் செய்கிறார். "நல்லா இருக்கியளாம்மா? பைய நடங்க. மாடிக்கெல்லாம் போவாதிய." நல்ல மனசு என்று நினைத்தேன்.

நேற்று தூத்துக்குடியிலிருந்து சுஹைல் பேசினான். என்னோடு படித்தவன். அண்ணாச்சி முதலில் அவன் வேலைபார்க்கும் காது மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறார். சோதித்தது சுஜின் என்கிற பையன். அன்றே அண்ணாச்சிக்குக் குணமாகிவிட்டது. சுஜின் விழ ஆரம்பித்தான்.

சில நாட்களில் மாடிப்படியிலிருந்து உருண்டு இறந்துபோனான். அண்ணாச்சிக்குத் தலைசுற்றல் திரும்பி வந்தது அதே நாளில்.

மறுநாள் காலையில் சுஜினின் போன் அடித்திருக்கிறது. அவன் அம்மா எடுத்து, அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறது...

"அதுக்குள்ளயா?"